மாடு இழுத்த லாரி

அத்தியாயம் 14

கோதண்டபாணிக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பி வந்த நாளாய் அப்படித்தான். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கை கழுவிவிடுவான். வயலுக்குப் போனால் வரப்பிலிருந்தே திரும்பிவிடுவான். அவனைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருந்தவை, திண்டிவனத்து டிரங்க் ரோட்டு ஓரம், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை வைக்கும் கொட்டகையில் நான்கு வருஷமாக ஓடாமல் கிடந்த இரண்டு டீசல் லாரிகள்தான்.

யுத்தத்துக்கு முன்னால் அவனும் அண்ணன் விருத்தாசலமும் சேர்ந்து வாங்கிய சீமை வண்டிகள். 'குரூடாயில் வண்டி' என்று அப்போது ஜனங்கள் கூட்டம் கூடிப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டில் எண்ணெயும் டயரும் கிடைக்காமல் போயின. ஒன்றை ஓட்டிய கோதண்டபாணியும், மற்றதை ஓட்டிய சின்னக்கண்ணுவும் ஒரே நாளில் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தார்கள். இந்த நாற்பத்தாறில் கோதண்டபாணி மட்டும் வீடு வந்தான்.

சின்னக்கண்ணுவுக்குக் காயம் என்று ஒரு தந்தி வந்ததோடு சரி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் மனைவி சவுரியம்மாள் வந்து கேட்கும்போதெல்லாம், "அவன வேற கம்பெனிக்கு மாத்திட்டாங்க, எனக்குத் தெரியாது" என்ற ஒரே பதிலைக் கோதண்டபாணி சொல்லி வந்தான். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

விருத்தாசலம் வைத்த கெடுதான் சென்ற வாரம் நாம் கேட்டது. வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் விழுப்புரத்துக்கு வரும் நாளில் லாரி தானாக ஓடிப் போய் அவர் முன்னால் நின்றால் ஓட்டுவதற்குச் சர்டிபிகேட். இல்லையென்றால் இரண்டையும் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது.

அந்த நாள் விடிந்துவிட்டது.

செண்பகம் கூழ்ச்சட்டியோடு கொட்டகைக்கு வந்தபோது அவள் கணவன் கோதண்டபாணி லாரியின் முன்பக்கம் தலையை விட்டுக்கொண்டிருந்தான். என்ஜின் மூடியின் பக்கத் தகடுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தான். காற்றுக் குழாய்க்குள்ளிருந்து எலி கட்டிய கூட்டை இழுத்துக் கீழே போட்டான். வைக்கோல், சாக்கு நூல், மல்லாட்டைத் தொலி.

"இது வழியாத்தான் இது மூச்சு வாங்கும்" என்றான், அவளைப் பார்க்காமலே. "இத்தினி நாளு எலி அடைச்சிக்கினு இருந்துது."

"நீங்க மொதல்ல கூழக் குடிங்க."

"இரு, இரு."

அவன் பட்ட பாடு அவளுக்குத் தெரியாததல்ல. லாரிக்குள் பிஸ்டன்கள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. அவற்றின் தலையில் மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்து, கடப்பாரை கொடுத்து இம்மி இம்மியாக அசைத்து விடுவித்தான். டேங்கின் அடியில் தயிர் போல் கட்டியிருந்த பழைய எண்ணெயைச் சுரண்டி எடுத்தான். எண்ணெயைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசில்களில் இரண்டு உபயோகமில்லாமல் போயிருந்தன. மற்ற லாரியிலிருந்து எடுத்துப் போட்டான். இதை எழுப்ப அதைக் கொன்றான் என்று விருத்தாசலம் கேலி செய்தார்.

செண்பகத்துக்கு அவன் உழைப்பின் மேல் கோபம் இல்லை. பயம்தான். லாரி கிளம்பினால் இவனும் கிளம்பிவிடுவான். நாலு வருஷம் தனியாக நின்று பயிர் வைத்தவள் அவள். வந்தவன் மூன்று மாதத்துக்குள் ஒருதரம் சாமான் வாங்கி வருவதாக பெங்களூர் போனான். சில நாட்கள் கழித்து வெறுங்கையோடு, கண்ணெல்லாம் குழி விழுந்து திரும்பி வந்தான். எங்கே போனாய் என்று கேட்டதற்குச் சாமான் கிடைக்கவில்லை என்றான்.

பஸ்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினான். லாரி ஒரு முனகல் முனகி அடங்கியது. மறுபடி அழுத்தினான். முனகல்கூட இல்லை.

"குளிர்ந்து கெடக்குது. பேட்டரி தாங்காது. இழுத்துத்தான் கிளப்பணும்" என்று கையைத் துடைத்தான். "அண்ணன் கிட்ட மாட்டக் கேளு, செண்பகம். நான் கேட்டா தரமாட்டாரு."

"நான் கேட்டா மட்டும்?"

"நீ கேட்டா தருவாரு."

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். கேட்காமலே திரும்பி வந்து, தரமாட்டேன் என்றார் என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் இரும்புக்காரன் வந்துவிடுவான். எல்லாம் முடிந்துவிடும். இவன் வீட்டில் இருப்பான்.

கூழை அப்படியே வைத்துவிட்டு மறுபடி லாரிக்கு அடியில் நுழைந்துவிட்ட கணவனின் கால்கள் மட்டும் தெரிந்தன. இவன் வீட்டில் இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று தோன்றியது. அவள் விருத்தாசலத்தைத் தேடிப் போனாள்.

விருத்தாசலம் இரண்டு ஜோடி மாடுகளையும் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.  வடக் கயிற்றை நுகத்தடிகளில் பூட்டி, மறுமுனையை லாரியின் முன்கொக்கியில் உருவு முடிச்சாகப் போட்டார்.

"ஏம்மா, இவன் புடிவாதத்துக்கு நீயும் சேந்துக்கினியா?" என்றார் செண்பகத்திடம் மெல்ல. "அந்த இரும்பு இருக்கிற வரைக்கும் இவன் மனுசனா ஆகமாட்டான். அது போனாத்தான் என் தம்பி எனக்குத் திரும்புவான். அதுக்குத்தான் சொல்றேன், எனக்கு இன்னா ஆசையா விக்கணும்னு?"

"ஒரு தரம் பாத்துடலாம், மாமா."

"பாத்துடலாம், பாத்துடலாம்."

கொட்டகை கொஞ்சம் மேட்டில் இருந்தது. வாசலிலிருந்து டிரங்க் ரோடு வரை சரிவு. கோதண்டபாணி ஏறி உட்கார்ந்தான். செண்பகம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். நிறுத்தச் சொன்னால் சக்கரத்துக்கு முன்னால் போட வேண்டும். அதுதான் அவள் வேலை.

"ஹை! ஹை! தா!"

மாடுகள் குளம்பை ஊன்றி முக்கின. நான்கு வருஷம் அசையாத சக்கரங்கள் கிரீச்சிட்டன. ஓர் அடி. இன்னோர் அடி. பிறகு சரிவு லாரியைப் பிடித்துக்கொண்டது. மாடுகள் ஓட ஆரம்பித்தன. ரோட்டில் போன கட்டை வண்டிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். லாரியை மாடு இழுப்பதை யார் கண்டது?

"விடுறேன்!" என்று கத்திக் கோதண்டபாணி கிளட்சை விட்டான்.

லாரி குலுங்கியது. இருமியது. கரும்புகை ஒரு பந்து போல வெளியே வந்தது. பிறகு, தட தட தடவென்று பிடித்துக்கொண்டது.

"ஓடுது! ஓடுதுடா கோதண்டம்!" விருத்தாசலம் தன்னை மறந்து கூவிவிட்டார்.

கோதண்டபாணி கிளட்சை மிதித்து, பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்தினான். என்ஜின் மட்டும் நிற்கவில்லை. தடதடப்பு உறுமலாயிற்று. உறுமல் ஏறி ஏறி ஊளையாயிற்று. அவன் வேக மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான். அப்படியும் ஏறியது. எண்ணெயை நிறுத்தும் கம்பியை இழுத்தான். கம்பி கையோடு வந்தது, சத்தம் குறையவில்லை. சாவியைத் திருப்பினால் நின்றுவிட இது பெட்ரோல் வண்டி இல்லை. எண்ணெய் பாயும் வரை ஓடும். உள்ளே ஏதோ முழுசாகத் திறந்தபடி மாட்டிக்கொண்டுவிட்டது.

மாடுகள் மிரண்டு தலையை உதறின. விருத்தாசலம் பாய்ந்து முடிச்சை உருவிவிட்டார். இரண்டு ஜோடியும் ரோட்டில் தலைதெறிக்க ஓட, அவர் பின்னாலேயே ஓடினார்.

லாரி முழுவதும் அதிர்ந்தது. ஒரு போல்ட் தெறித்து ரோட்டில் விழுந்தது. கூட்டம் சிதறியது.

"எறங்குங்க! எறங்கி வாங்க!" என்று செண்பகம் கத்தினாள்.

கோதண்டபாணி அசையவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தன. கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் ரோட்டையோ அவளையோ பார்க்கவில்லை. கிளட்சில் வைத்த கால் மட்டும் அப்படியே இறுகியிருந்தது. அது கொஞ்சம் நழுவினால் லாரி பாய்ந்துவிடும்.

செண்பகத்துக்கு என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. காலையில் அவன் எலிக்கூட்டை எடுத்த துவாரம் மட்டும் தெரியும். அதோ, வாயைப் பிளந்துகொண்டு காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் பலகையைத் தூக்கி அந்த வாயில் அறைந்தாள்.

பலகையை யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுத்தது போல் இருந்தது. அவள் உடம்போடு சாய்ந்து அழுத்தினாள். முன்கை புகைக்குழாயில் பட்டுப் பொசுங்கியது. எடுக்கவில்லை. ஊளை உடைந்தது. என்ஜின் திணறியது, விக்கியது, ஒரு பெரிய உதறலோடு நின்றது.

எண்ணெய் சொட்டும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். ஸ்டீரிங்கிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவன் இறங்கி, லாரியின் படியிலேயே குந்திக்கொண்டான். தாடை அடித்துக்கொண்டது.

"இன்னா ஆச்சி உங்களுக்கு?"

அவன் லாரியின் சக்கரத்தையே பார்த்தான்.

"ஏங்க, என்னப் பாருங்க. இன்னா ஆச்சி?"

"அதே சத்தம்" என்றான். "அதே சத்தம், செண்பகம். பள்ளத்துல வண்டி கெடக்குது. என்ஜின் மட்டும் அலறிக்கினே இருக்குது. அவன் அதுக்கு அடியில."

"யாரு?"

"சின்னக்கண்ணு."

அவள் அவன் பக்கத்தில் குந்தினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மலைப்பாதையில் மழை. சின்னக்கண்ணுவின் லாரி முன்னால் போனது. மண் சரிந்து, லாரி பள்ளத்தில் உருண்டது. கயிறு கட்டிக் கீழே போய் அவனை வெளியே இழுத்தபோது உயிர் இருந்தது. வலது கை இல்லை. பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரியில் அவனை விட்டுவிட்டுத்தான் கோதண்டபாணி ஊருக்கு வந்தான்.

"அப்ப உசுரோடதான் இருக்காரா!"

"சத்தியம் வாங்கிக்கினான். 'செத்துட்டேன்னும் சொல்லாத, இருக்கேன்னும் சொல்லாத. ஒத்தக் கையோட போயி அவ கூலிச் சோத்துல குந்த மாட்டேன். நம்ம வண்டி ஒண்ணு ஓடட்டும். எனக்கு அதுல ஒரு வேலை இருக்குன்னு ஆளனுப்பு, வர்றேன்'னான். அதுக்குத்தான் இந்த வண்டி. இத்தினி பேஜாரும் அதுக்குத்தான்."

"அப்ப பெங்களூருக்கு நீங்க போனது?"

"அவனப் பாக்க. அங்க இல்ல. ஆஸ்பத்திரியிலருந்து அனுப்பிட்டாங்களாம். எங்க போனான்னு யாருக்கும் தெரியல. தெருத் தெருவா சுத்தினேன்."

செண்பகம் தன் கையைப் பார்த்தாள். முன்கையில் தோல் வெளுத்து எழும்பியிருந்தது. அப்போதுதான் எரிச்சலே தெரிந்தது.

"சவுரி தெனமும் வந்து கேக்கறாளே" என்றாள். "அவளோட அண்ணன் வந்து தாலியக் கழட்டச் சொல்லி சண்டை போடறான். மாதா கோயில்ல அவருக்குச் செத்தவங்க பூசை வெக்கப் போறாங்களாம். இதெல்லாம் தெரிஞ்சும் நீங்க..."

"சத்தியம் பண்ணிட்டேனே."

அவள் மேலே பேசுமுன், பக்கத்துக் கொட்டகையில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் சவுரியம்மாள். தலையெல்லாம் தொலித் தூசி. ரோட்டோரமே நின்றுகொண்டாள்.

"சின்னவரே, அடி கிடி பட்டுடுச்சா? ஏன் இப்பிடி நடுங்குறீங்க?"

கோதண்டபாணி எழுந்து லாரிக்கு மறுபக்கம் போய்விட்டான். செண்பகத்தின் பார்வை சவுரியம்மாளின் கழுத்துக்குப் போனது. கறுத்துப்போன மஞ்சள் கயிறு. அதில் சின்னச் சிலுவை பதித்த தாலி.

அவன் மறுபடி வேலையில் இறங்கினான். நடுக்கம் நின்றதே அப்போதுதான். எண்ணெய்ப் பம்பின் பக்க மூடியைக் கழற்றினான். எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல்லுக்கம்பி, பழைய எண்ணெய் பிசினாகக் காய்ந்து, முழுத் திறப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு விட்டுக் கழுவினான். விரலால் தள்ளினால் போய், விட்டால் திரும்பி வரும் வரை விடவில்லை. கையோடு வந்த நிறுத்தும் கம்பியையும் பழையபடி மாட்டி முறுக்கினான்.

விருத்தாசலம் மாடுகளோடு திரும்பி வந்தார். ஒரு மாட்டின் முழங்காலில் ரத்தம்.

"போதும்" என்றார். "மாடு போச்சின்னா கூட பரவால்ல. நீ அங்க கல்லாட்டம் குந்திக்கினு இருந்த பாரு, அதப் பாத்துட்டேன். எனக்குப் போதும்டா."

"அண்ணா, இன்னா தப்புன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"மறுபடியும் அப்பிடியே குந்திட்டீன்னா?"

"நான் பலகையோட அந்தக் குழாய்கிட்டயே நிக்கறேன், மாமா" என்றாள் செண்பகம்.

விருத்தாசலம் அவள் கையைப் பார்த்தார். வாழை மட்டைச் சாறு பிழிந்து துணி சுற்றியிருந்தாள். காலையில் தயங்கித் தயங்கிக் கேட்ட பெண் இவள் இல்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"உனக்கு இன்னாம்மா அப்பிடி ஒரு வைராக்கியம்?"

"வண்டி ஓடணும், மாமா. ஓடியே ஆவணும்."

அடிபட்ட மாட்டையும் அதன் ஜோடியையும் அவிழ்த்துவிட்டார். அவற்றின் இடத்தில் வேடிக்கை பார்க்க வந்த ஆட்கள் வடத்தைப் பிடித்தார்கள். மல்லாட்டை உடைக்கும் பெண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். லாரியை மேட்டுக்கு ஏற்றவே எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு சரிவில் விட்டார்கள். கிளட்சை விட்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. உறுமியது, இறங்கியது, சீராகத் தடதடத்தது. கோதண்டபாணி மிதியை அழுத்தினான், விட்டான். சொன்னபடி கேட்டது. விருத்தாசலம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஜல்தி போடா! இன்ஸ்பெக்டரு எழுந்து போயிடப் போறாரு!"

செண்பகம் ஏறினாள். ஏறியவள் குனிந்து, "சவுரி, நீயும் ஏறு. நடு ரோட்டுல நின்னா தள்ள ஆளு வேணும்" என்றாள்.

சவுரியம்மாள் பின்பக்கம் ஏறப் போனாள்.

"அங்க இல்ல. இங்க, என் பக்கத்துல."

சவுரியம்மாள் விருத்தாசலத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். செண்பகம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்து ஏறினாள்.

புளியமரங்களுக்கு நடுவே லாரி போனது. வெடிப்பு விட்ட டயர்கள் தாங்க வேண்டுமே என்று கோதண்டபாணி கட்டை வண்டிக்கு ஒதுங்கி, பள்ளத்துக்கு ஒதுங்கி ஓட்டினான். சில நேரம் செண்பகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. கூட்டேரிப்பட்டு தாண்டியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

விக்கிரவாண்டி நெருங்கும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது. என்ஜினை நிறுத்தாமலே வண்டியை ஓரம் கட்டினான். இரண்டு பெண்களும் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினார்கள்.

டின் நிரம்பியது. செண்பகம் அதைத் தூக்கவில்லை.

"சவுரி. சத்தியம் பண்ணது அவரு. நான் யாருக்கும் பண்ணலை. அதனால சொல்றேன். உன் புருசன் உசுரோட இருக்காரு."

சவுரியம்மாள் கேட்டாள். கை போனது, ஆஸ்பத்திரி, சத்தியம், பெங்களூரில் காணாமல் போனது, எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. கரையேறி, லாரியைத் தாண்டி, வந்த வழியே திண்டிவனம் பக்கமாக விடுவிடுவென்று நடந்தாள். செண்பகம் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

"சொல்லிட்டியா?" என்றான் கோதண்டபாணி.

"சொல்லிட்டேன்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் காத்திருக்க மாட்டார். இருந்தாலும் இரண்டு பேருமே வண்டியில் ஏறவில்லை.

ரோட்டு வளைவு வரை போனவள் நின்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அதே வேகத்தில் திரும்பி வந்தாள். கீழே கிடந்த டின்னைத் தானே எடுத்து வந்து கோதண்டபாணி கையில் கொடுத்தாள்.

"மூணு மாசம்" என்றாள். "மூணு மாசமா உங்க வாசல்ல வந்து நின்னேன், சின்னவரே."

அவன் டின்னைப் பிடித்தபடி தலையைக் குனிந்தான். 

"தண்ணிய ஊத்துங்க. ஓட்டுங்க."

விழுப்புரம் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் மேஜையை விட்டு எழுந்துவிட்டிருந்தார். கரியை எரித்து ஓடும் கரிகேஸ் பஸ்கள் இரண்டு அப்போதுதான் புகை கக்கிக்கொண்டு வெளியேறின. கோதண்டபாணி லாரியை அவர் காருக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினான். அவர் முறைத்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"இந்த வண்டியா! இது இன்னும் உயிரோட இருக்கா?"

விளக்கு, பிரேக், ஸ்டீரிங் எல்லாம் பார்த்தார். டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சீசனுக்குள்ள மாத்திடணும்" என்றார். கடைசியாக, "சரி, என்ஜினை நிறுத்துப்பா. நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

கோதண்டபாணியின் கை கம்பியில் நின்றது. நிறுத்தினால்? இங்கே மாடும் இல்லை, சரிவும் இல்லை.

"என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க."

கம்பியை இழுத்தான். என்ஜின் அடங்கியது. மைதானமே அமைதியான மாதிரி இருந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினான். ஒரு முனகல். இன்னொரு முனகல். சவுரியம்மாள் இறங்கி, லாரியின் பின்னால் போய் இரண்டு கையையும் பதித்து நின்றாள். அவள் ஒருத்தியால் அதை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. ஆனாலும் நின்றாள். செண்பகமும் போய் நின்றாள்.

மூன்றாவது முறை அழுத்தினான். ஓடி வந்த சூடு உள்ளே மிச்சமிருந்தது. என்ஜின் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி, பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். கோதண்டபாணி சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது சவுரியம்மாள் மைதானத்தின் விளிம்புக்குப் போய், ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஷன் இந்தப் பக்கமாம்" என்றாள். "காட்பாடி வண்டி சாயங்காலம் இருக்குதாம். அங்கருந்து பெங்களூருக்கு ரயிலு உண்டு இல்ல?"

"நான் போய்த் தேடிட்டுத்தான் வந்தேன், சவுரியம்மா. அவன் அங்க இல்ல."

"யாரைக் கேட்டீங்க?"

"ஆஸ்பத்திரி ஆபீசர. டாக்டர."

"அங்க பாத்திரம் கழுவறவங்கள கேட்டீங்களா? துணி தொவைக்கிறவங்கள? வாசல்ல பழம் விக்கிறவங்கள? நீங்க தேடனது உங்க கூட்டாளிய. நான் தேடப் போறது என் புருசன. நான் கேக்கற மாதிரி நீங்க கேட்டிருக்க முடியாது."

தனியாக ஊர் தாண்டியறியாதவள்.  கோதண்டபாணி, "நானும் வர்றேன்" என்று ஆரம்பித்தான்.

"நீங்க வேணாம்" என்றாள் செண்பகம். "வண்டிய இங்க விட்டுட்டு எங்க வருவீங்க? அவரு வந்தா வேலை வேணுமே. மல்லாட்டை ஏத்தணும், வண்டிய ஓட்டணும். நான் போறேன் அவ கூட."

"நீயா?"

"ஏன், எனக்கு ரயில் ஏறத் தெரியாதா?"

ஸ்டேஷன் வரை லாரியிலேயே போனார்கள். பிளாட்பாரத்தில் ரயில் தயாராக நின்றது. பெண்கள் ஏறினார்கள். கோதண்டபாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணன் கேட்டா இன்னா சொல்றது?"

"நெசத்த சொல்லுங்க. மாட்டுக் காலுக்கு மஞ்சப் பத்து போடுங்க. ராத்திரிக்கு உங்க அண்ணன் வீட்ல சாப்புடுங்க. பாதியில எழுந்துக்காதீங்க."

"எப்ப வருவ, செண்பகம்?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். கோபமில்லை. எரியும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு வருசமா நான் இதையேதான் கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள். "இப்ப நீங்க கொஞ்ச நாளு கேளுங்க."

விசில் ஊதியது. ரயில் அசைந்தது. சவுரியம்மாள் அதற்குள் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். பட்டாளத்துச் சட்டையைச் சாயம் போட்டு உடுத்தியிருந்த ஆள்.

"அண்ணே, பெங்களூர் ஆஸ்பத்திரியில வலது கை இல்லாத டிரைவர் ஒருத்தரு... திண்டிவனம் பக்கம்... சின்னக்கண்ணுன்னு..."

தூங்கி வழிந்துகொண்டிருந்த அந்த ஆள் திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஏதோ சொன்னான். சவுரியம்மாள் இருகையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ கத்தினாள்.

"இன்னா? இன்னா சொல்றான்?"

சக்கரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கோதண்டபாணி கம்பியை விடாமல் ரயிலோடு ஓடினான். பிளாட்பாரம் முடிந்தது.